பவுல் ஆட்டம்: சொல் விளக்கம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் செய்திகளில் ரோஸ் பவுல், ஆரஞ்சு பவுல், சுகர் பவுல் என்று அடிக்கடி வரும். (முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து இது, நம்முடையது வேறு.) பருவம் முடிந்த பிறகு, நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டமாகத் தொடங்கியதுதான் பவுல் ஆட்டம். இதைக் 'கோப்பை' என்று தமிழாக்குவது பிழை. பரிசுப் பொருளுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு கிடையாது.

ஆங்கிலத்தில் பவுல் என்று இரண்டு சொற்கள் உண்டு. கிரிக்கெட்டின் பவுலிங், பந்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கிண்ணத்தைக் குறிக்கும் பவுல் பழைய ஆங்கிலத்தின் 'போல்லா'. நமக்கு வேண்டியது இரண்டாவது.

நியூ ஹேவனில் 1914இல் யேல் பல்கலைக்கழகம் ஓர் அரங்கு கட்டியது. நிலத்தைத் தோண்டி, அந்த மண்ணையே சுற்றிலும் மேடாகக் குவித்து, மேட்டின் சரிவில் இருக்கைகள் போட்டார்கள். ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே கிடந்தது. பெயர் யேல் பவுல். அதைப் பார்த்து 1922இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஓர் அரங்கு எழுந்தது. ஊரின் ரோஜா விழாவையும் சேர்த்து ரோஸ் பவுல் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், கட்டியபோது அது முழுக் கிண்ணமே இல்லை. தெற்குப் பக்கம் திறந்த லாட வடிவம், 1928இல்தான் மூடினார்கள்.

அங்கே புத்தாண்டை ஒட்டி நடந்த விழா ஆட்டத்துக்கும் அரங்கின் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1930களில் மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரை, டாலஸில் பருத்தி என்று ஊருக்கு ஊர் பவுல்கள் முளைத்தன. வடிவம் போய், ஆட்டம் என்ற பொருள் நின்றது.

ஈழத்தில் உலகக் கோப்பையை உலகக் கிண்ணம் என்றுதான் எழுதுவார்கள். அதனால் 'கிண்ண ஆட்டம்' என்றாலும் குழப்பம்தான். அரங்கைக் கிண்ண அரங்கு எனலாம். ஆட்டத்துக்கு என் தேர்வு 'அழைப்பாட்டம்'. அந்த நாளில் இதன் உயிரே அழைப்பில்தான் இருந்தது. அதற்கு 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியைப் பார்த்தால் போதும்.

ஜோ குஹாரிச் பயிற்சியில் அந்த அணி ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. அணி வீரர் ஆலி மேட்சன் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கெஜம்; அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதுதான் அதிகம். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியை 32–26 என்று வென்ற ஆட்டத்தில், தொடக்க உதையில் வந்த பந்தைப் பிடித்து மறுகோடி வரை ஓடி இரண்டு முறை புள்ளி எடுத்தார். தென்மாநிலப் பவுல் ஒன்றுக்கு அழைப்பு வரலாம் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் கறுப்பின வீரர்களான மேட்சனையும் பெர்ல் டோலரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை. அணி முடியாது என்றது. அழைப்பு வரவில்லை. அவர்களிடம் 47–14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்கோ சன் பவுல் கிடைத்தது! பணப் பற்றாக்குறையில் இருந்த பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு கால்பந்தையே நிறுத்தியது. எத்தனை ஆட்டம் வென்றாலும், பவுலை நடத்தும் விழாக் குழு கூப்பிட்டால்தான் அன்று பவுல். 'இறுதிப் போட்டி' என்ற மொழிபெயர்ப்பு இதனால்தான் உதவாது.

அந்த அணிக்குச் செய்தித் தொடர்பு பார்த்த இளைஞர் பீட் ரோசெல் 1960இல் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் ஆணையரானார். அவர் காலத்தில் 1967இல் தொடங்கிய தொழில்முறை இறுதி ஆட்டத்துக்கு சூப்பர் பவுல் என்று பெயர் நிலைத்தது. அங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை, வென்றுதான் வரவேண்டும். அதை அழைப்பாட்டம் என்று சொல்ல முடியாது. சூப்பர் பவுல் என்றே விட்டுவிடலாம்.