அனுப்பி வைத்தவருக்கும் ஒரு பதில் எழுதுங்கள்

காசநோய் சிகிச்சை என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குறைவு. முதலில் மருந்துக்கடை, அப்புறம் பட்டம் இல்லாமல் ஊசி போடுகிற 'டாக்டர்', அங்கேயும் இருமல் நிற்காவிட்டால்தான் நாங்கள். ஏன் அங்கே போகிறார்கள் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவர் ராத்திரியிலும் கதவைத் திறக்கிறார், காசு அப்புறம் கொடு என்கிறார், வந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் பலர் வாயே திறக்க மாட்டார்கள், திட்டு விழும் என்ற பயம். பொறுமையாகக் கேட்டால் ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வரும். பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை சில, ஓரம் வெட்டிய அட்டை ஒன்று. அந்த அட்டையில் 'லெவோஃப்ளாக்ஸ' என்று பாதிப் பெயர் தெரிந்தால் எனக்குத் திக்கென்று இருக்கும். அந்த வகை ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். இருமல் கொஞ்சம் குறையும், சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தொற்றும். போதாததற்கு, மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு நாங்கள் நம்பியிருக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று. அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால் இன்னும் மோசம்: நாலு நாள் தெம்பாக இருக்கும், பசி எடுக்கும், உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும்.

இந்தப் பட்டமில்லாத வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட 304 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2016-இல் சயின்ஸ் இதழில் வெளியானது. 9 மாதப் பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாள்வது கூடியது, ஆனால் தேவையில்லாத மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பது குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மருந்து விற்றால்தான் அவருக்கு வருமானம், வகுப்பு அதை மாற்றாது.

ஆகவே நான் அவரிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான், நேரத்தோடு அனுப்பிவிடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சிரப்பு கொடுக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மாத்திரையும். ரத்தம் கலந்து போனாலோ குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இதைச் சொல்வதால் ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கெல்லாம் நாங்கள் அனுமதி கொடுப்பதாக ஆகாது, அந்த எல்லையை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட வேண்டும்.

அவர் ஏன் அனுப்பத் தயங்குகிறார் என்பதற்கு நம் பக்கம்தான் முக்கியமான காரணம் இருக்கிறது. அனுப்பினால் அந்தக் குடும்பமே கை நழுவிப் போகிறது. அது போதாதென்று, "எந்த மடையன் இந்த ஊசியைப் போட்டான்?" என்று நம்மில் ஒருவர் நோயாளி முன்னால் கேட்ட வார்த்தை அன்று சாயங்காலமே அவர் காதுக்குப் போய்விடும். அடுத்த இருமல்காரரை அவர் கையிலேயே வைத்துக்கொள்வார். வங்கதேசத்தில் டேமியன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1990-களின் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கிராம வைத்தியர்களைக் காசநோய்த் திட்டத்தில் சேர்த்தது. சந்தேகப்படுகிறவர்களை அனுப்பி வைத்ததோடு, நோய் உறுதியானவர்கள் மாத்திரையை விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையும் அவர்களுக்குக் கிடைத்தது. அனுப்பின நோயாளி அவர்களிடமே திரும்பி வந்தார். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே இதுதான். பெரும்பாலும் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை.

சக மருத்துவர்களிடம் கேட்பது இதுதான்: அவர் அனுப்பின சீட்டு, அது கிழிந்த அட்டைத் துண்டாக இருந்தாலும், அதற்குப் பதில் எழுதுங்கள். முதலில் நோயாளியிடம் சம்மதம் கேளுங்கள். காசநோய் என்று வெளியே தெரிவதை விரும்பாதவர்கள் நிறைய பேர், அவர்கள் வேண்டாம் என்றால் வந்து சேர்ந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சம்மதித்தால் என்ன நோய், என்ன மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும், கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே திருப்பி அனுப்புங்கள் என்று நாலு வரி, அடியில் பகலில் எடுக்கிற ஒரு போன் நம்பர்.