புல்வெளி போனது எப்படித் தெரிந்தது? பழனி மலையும் செயற்கைக்கோள் படங்களும்

கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலை மேட்டில், நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோயிருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1970-களின் தொடக்கத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சொன்னது. ஓடைப் பள்ளங்களில் வளரும் சோலைக்காடும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. அந்த இடங்களில் இப்போது இருப்பவை யூகலிப்டஸ், பைன், சீகை (வாட்டில்) என்று வெளிநாட்டிலிருந்து வந்த மரங்களும் விவசாய நிலமும்தான்.

இதே மாற்றத்தை நாட்டின் காட்டுப்பரப்புக் கணக்கில் வைத்துப் பாருங்கள். புல் இருந்த இடத்தில் மரம் வந்திருக்கிறது. ஆகவே காடு கூடியிருக்கிறது. இரண்டு கணக்குக்கும் ஆதாரம் செயற்கைக்கோள் படம்தான். ஒன்றில் இழப்பு, இன்னொன்றில் வரவு. இது எப்படி நேர்கிறது என்று புரிய, ஓர் இலையில் வெயில் படும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பச்சை ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் நம் கண்ணுக்கு இலை பச்சை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியிடம் இலை நடந்துகொள்வது வேறு விதம். இலைக்குள் செல்களுக்கு நடுவே காற்று நிரம்பிய சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. ஈரமான செல்லிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மறுபடி செல்லுக்கும் மாறி மாறிச் செல்லும்போது அந்த ஒளி சிதறி, கிட்டத்தட்டப் பாதி மேல்நோக்கியே திரும்பிவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இலையைக் கடந்து கீழே போகும். அதில் ஒரு பங்கை அடுத்த அடுக்கு இலை திருப்பி அனுப்பும். இலை அடுக்குகள் கூடக்கூட, மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அந்த இடம் சிவப்பு ஒளியில் இருட்டாகவும் அகச்சிவப்பில் பளிச்சென்றும் தெரியும்.

இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக்குவதுதான் என்.டி.வி.ஐ. என்ற குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு சோலை, விழும் சிவப்பு ஒளியில் 4 விழுக்காட்டையும் அகச்சிவப்பில் 44 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 48-ஆல் வகுத்தால் 0.83. உழுது போட்ட மண்ணில் சிவப்பு 20, அகச்சிவப்பு 28 என்றால் 8-ஐ 48-ஆல் வகுக்கிறோம், 0.17 வருகிறது. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வெறும் கழித்தலோடு விடாமல் கூட்டுத்தொகையால் வகுப்பதற்குக் காரணம் உண்டு. மலையில் ஒரு சரிவில் வெயில் அடிக்கும், எதிர்ச்சரிவு நிழலில் கிடக்கும். நிழலில் இரண்டு ஒளியும் சேர்ந்தே குறைவதால், வகுக்கும்போது அந்த வேறுபாடு பெரிய அளவுக்குச் சமன்பட்டுவிடுகிறது.

ஆனால் இந்த எண்ணுக்கு எல்லை உண்டு, பழனி மலையில் அதுதான் சிக்கல். இலை அடுக்குகள் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் குறியீடு மேலே ஏறாமல் நின்றுவிடும். நூற்றாண்டுகளாக வளர்ந்த சோலைக்கும், முப்பது வயதுச் சீகைத் தோப்புக்கும் ஒரே எண் வரக்கூடும். இந்தக் குறியீடு காட்டுவது பசுமையை மட்டுமே. அந்தப் பசுமை எந்த மரத்தினுடையது, அந்த மரம் அங்கே இருக்க வேண்டியதுதானா என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் எழுதியிருக்காது.

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அதன் பல அலைவரிசைக் கருவியை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர். பச்சை, சிவப்பு, இரண்டு அகச்சிவப்பு என நான்கு அலைவரிசைகளில் அது பூமியைப் படமெடுத்தது. ஒரு பிக்சலின் பக்கம் சுமார் 80 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு ஒரே ஒரு புள்ளி. பின்னால் வந்த லேண்ட்சாட்களில் அது 30 மீட்டர் ஆனது. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள லிஸ்-3 கருவிக்கு 23.5 மீட்டர்; நம் ஊர்க் கணக்கில் ஒரு பிக்சல் சுமார் பதினான்கு சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளுக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். அந்தப் பரப்புக்குள் பாதி புல்லும் பாதி மரமும் இருந்தால் கருவிக்குக் கிடைப்பது இரண்டும் கலந்த ஒரே எண்தான். சோலைகள் ஓடைகளை ஒட்டிய குறுகிய மடிப்புகளில் வளர்பவை. அவற்றின் விளிம்பு முழுக்க இப்படிக் கலப்புப் பிக்சல்களாகவே இருக்கும்.

இனி வரையறைக்கு வருவோம். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை காடுகளின் நிலை அறிக்கையை வெளியிடுகிறது. 2023-க்கான அறிக்கைப்படி இந்தியாவின் காட்டுப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு. இதில் காட்டுப்பரப்பு என்று எண்ணப்படுவது எது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், மர விதானம், அதாவது மேலிருந்து தெரியும் இலைக்கூரை, 10 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்கும் எந்த நிலமும். அது யாருடைய நிலம், என்ன மரம், சட்டப்படி அது வனமா என்பது கணக்கில் வராது. பழத்தோட்டம், மூங்கில், பனை, தென்னை எல்லாம் சேரும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமும் வரையறைப்படி உள்ளே வந்துவிடும். பழனி மலையின் ஆதிப் புல்வெளியோ "காடல்லாதது" என்ற வகைக்குள் போகும்.

இந்த வரையறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால், ஒரே கருவியால், இரண்டாண்டுக்கு ஒருமுறை அளந்து முடிக்க வேண்டும். மேலிருந்து உறுதியாகப் பார்க்க முடிவது விதானத்தைத்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே எண்ணை எடுத்து, இயற்கை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது தவறு. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்; நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவது அந்தப் புல்லுக்குள்; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அந்தச் சரிவுகளில். புல்வெளிக்கு என்று தனி வகை தேசிய அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும்.

புல்லையும் மரத்தையும் பிரித்தறிய முடியுமா என்றால், முடியும். அதற்கு நாளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வன ஆய்வு நிறுவனம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களையே எடுத்துக்கொள்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் மழை முடிந்து வானம் தெளியும் காலம், இலையுதிர் காடுகளில் இலை நிற்கும் காலம். மார்ச்சில் எடுத்தால் ஜவ்வாது மலையின் பாதிக் காடு மொட்டையாகத் தெரியும். ஆனால் அதே அக்டோபரில் பழனி மலைப் புல்வெளியும் மழை குடித்துப் பச்சைப்பசேல் என்று இருக்கும். மரத்தையும் புல்லையும் குழப்பிக்கொள்ள அதைவிடத் தோதான மாதம் கிடையாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனி விழும். பனி பட்ட புல் கருகி வைக்கோல் நிறத்துக்குப் போகும். சோலையும் சீகையும் அப்போதும் பச்சையாகவே நிற்கும். அந்த நாட்களில் எடுத்த படத்தில் புல்வெளியின் எல்லை தானாகவே துலங்கும். ஒரு காட்டுக்குப் பொருத்தமான மாதம் இன்னொரு நிலத்துக்குப் பொருந்தாது.

அடுத்த கட்டம் கடினமானது: சோலையையும் அந்நிய மரங்களையும் பிரிப்பது. இங்கே வேறு தடயங்கள் வேண்டும். குறு அலை அகச்சிவப்பு ஒளி இலையிலுள்ள நீரால் உறிஞ்சப்படுவதால், ஈரப்பதம் மிக்க இலைகளும் மெழுகுப்பூச்சுள்ள இலைகளும் அந்த அலைவரிசையில் வேறுபடும். வளரும் இடமும் ஒரு தடயம். சோலை இயல்பாகப் பள்ளங்களில் இருக்கும், நடவு மரங்கள் மேட்டிலும் நிற்கும். மேற்பரப்பின் சொரசொரப்பும் உதவும். பல இன மரங்கள் கலந்த சோலையின் கூரை மேடுபள்ளமாக இருக்கும், ஒரே வயதுத் தோப்பின் கூரை மழமழவென்று இருக்கும். இவற்றையெல்லாம் கணினிக்குக் கற்றுக்கொடுக்க, யாராவது ஜிபிஎஸ் கருவியோடு மலையேறிப் போய், இந்தப் புள்ளியில் பைன், இந்தப் புள்ளியில் சோலை என்று குறித்து வர வேண்டும். அந்தப் புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குக் கொடுத்து, மீதியை மறைத்து வைத்திருந்து, முடிவைச் சோதித்துப் பார்ப்பார்கள். 1973-ம் ஆண்டுப் படத்துக்கு இப்படி நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. பழைய சர்வே வரைபடங்களையும் வனத்துறையின் நடவுப் பதிவேடுகளையும், இடையில் மாறவே மாறாத இடங்களையும் வைத்துத்தான் அந்தக் காலத்தைச் சரிபார்க்க முடியும்.

சரிபார்த்தபின் "வரைபடம் 90 விழுக்காடு சரி" என்று ஒரு முடிவு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றத்தைக் கணக்கிட்டால், இரண்டிலும் சரியாக இருக்கும் பிக்சல்கள் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 81 விழுக்காடுதான். நூற்றுக்குப் பத்தொன்பது பிக்சல்களில் ஏதாவது ஒரு வரைபடம் தவறியிருக்கலாம். இரண்டாண்டில் உண்மையில் மாறியது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்றால், அந்த மாற்றம் பிழைக்குள் மூழ்கிவிடும். நாற்பதாண்டு இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனால் அதை எந்தப் பிழையும் மறைக்க முடியாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் சிறிய ஏற்ற இறக்கங்களைச் செய்தியாகப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. லேண்ட்சாட் படக் களஞ்சியம் 2008-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டதன் பெரும் பயன் இங்கேதான். முடிந்துபோன இரண்டு வரைபடங்களை ஒப்பிடுவதற்குப் பதில், ஒரே பிக்சலின் எண்ணைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாகப் போட்டு, அது எந்த ஆண்டில் திரும்பியது என்று பார்க்கலாம்.

மேகம் மூடிய மாதங்களுக்கு ரேடார் இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். அதன் நீள அலை சுமார் 24 சென்டிமீட்டர். மேகத்தையும் இலையையும் ஊடுருவி, கிளையிலும் தண்டிலும் பட்டு எதிரொலிக்கும். புல்லிலிருந்து அதிகம் எதிரொலிக்காது, மரத்திலிருந்து நிறைய எதிரொலிக்கும். செங்குத்தான சரிவுகளில் ரேடார் படம் கோணிப்போகும் என்பதால் மலையில் மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஜெடி என்ற லேசர் கருவி மரத்தின் உயரத்தையே அளக்கிறது. குட்டையான சோலை மரங்களையும் நெடுநெடுவென வளரும் யூகலிப்டஸையும் பிரிக்க அந்த உயரம் நல்ல துணை.

இவ்வளவு படங்களும் மலைக்குத் திருப்பிச் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. சீகையின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். முதிர்ந்த தோப்பை ஒரேயடியாக வெட்டினால் வெயில் இறங்கி, கன்றுகள் கூட்டமாகக் கிளம்பும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகளும் எழுந்துவருகின்றன, வெட்டினால் அவையும் போய்விடும். ஆகவே முதலில் கை வைக்க வேண்டிய இடம், மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் இப்போதுதான் தலைகாட்டும் இளஞ்சீகை. 30 மீட்டர் பிக்சலில் அது தெரியாது. ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கருவிக்கு ஒரு பிக்சல் 5.8 மீட்டர், தனிக் கன்று அதிலும் சிக்காது, புதராகச் சேர்ந்தால் சிக்கும். உறைபனிக்குப் பிந்தைய ஜனவரிப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, வைக்கோல் நிறச் சரிவுகளில் எங்கே பச்சைப் புள்ளிகள் கூடுகின்றன என்று பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலை வனச்சரகங்களுக்குக் கொடுத்தால் போதும். கன்று கையால் பிடுங்குகிற பருவத்தில் இருக்கும்போதே ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.