ஆற்றல் பயன்பாட்டுச் செறிவு

ஒரு கட்டடம் ஓராண்டில் செலவழிக்கும் மொத்த ஆற்றலை அதன் மொத்தத் தளப்பரப்பால் வகுத்தால் வரும் எண்ணை எனர்ஜி யூஸ் இன்டென்சிட்டி என்பார்கள், சுருக்கமாக இ.யு.ஐ. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் மணி என்று சொல்வது வழக்கம். கிலோவாட் மணி என்றதும் மிரள வேண்டாம், மின்கட்டண ரசீதில் இருக்கும் யூனிட்தான் அது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'எனர்ஜி'யில் சிக்கல் அதிகமில்லை. கிரேக்கத்தில் 'எர்கான்' என்றால் வேலை; அதிலிருந்து வந்தது 'எனர்கெயா', செயலில் இருக்கும் நிலை. இயற்பியலில் இன்றைய பொருளுக்கு நெருக்கமாக அதைப் புழங்கவிட்டவர் தாமஸ் யங், 1807இல் வெளிவந்த தன் விரிவுரைகளில். நம் 'ஆற்றல்' பிறந்த வழியும் கிட்டத்தட்ட இதுதான்: ஆற்று என்றால் செய். செயலாற்று, பணியாற்று என்று இன்றும் சொல்கிறோமே! செய்தித்தாள்கள் எரிசக்தி என்று எழுதுகின்றன. ஆனால் கூரைச் சூரியத் தகட்டிலிருந்து வருவதில் எரிவது எங்கே? ஆற்றலே இருக்கட்டும். 'ஆற்றல் திறன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாடநூல்களில் திறன் என்பது பவர், அதாவது வாட் கணக்கு.

இழுபறி எல்லாம் 'இன்டென்சிட்டி'யில்தான். இழுத்துக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'டென்ஷன்' அதன் பங்காளி. தீவிரம் என்று பெயர்த்தால் காய்ச்சலும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். அடர்த்திக்கு உரிமை உண்டு, மறுப்பதற்கில்லை. மக்கள்தொகை அடர்த்தியும் பரப்பால் வகுத்த எண்தானே? ஆனால் ஆற்றல் அடர்த்தி என்ற பெயரை மின்கலக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சுவது செறிவு. ஒளிச்செறிவு, கரைசலின் செறிவு என்று பள்ளியிலேயே பழகிய சொல். நெருங்கியிருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அதற்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. 'செறிவறிந்து சீர்மை பயக்கும்' என்ற குறளில் செறிவு என்றால் அடக்கம். கட்டடக் கணக்கிலோ செறிவு கூடினால் அடக்கம் குறைவு என்று அர்த்தம்!

சரி, சொல் கிடைத்துவிட்டது. இனிக் கணக்கு. தளத்துக்கு 500 சதுர மீட்டராக நான்கு தளங்கள், மொத்தம் 2,000. ஆண்டுச் செலவு 3,00,000 யூனிட். செறிவு 150. இப்போது தரைக்கடியில் இருக்கும் 500 சதுர மீட்டர் வண்டி நிறுத்துமிடத்தையும் பரப்பில் சேர்த்துப் பாருங்கள்: 120 ஆகிவிடும். ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை, எண் மட்டும் இறங்கிவிட்டது. அதனால் எந்தப் பரப்பால் வகுத்தார்கள் என்று கேட்காமல் இந்த எண்ணை நம்பக் கூடாது. சதுர அடியா சதுர மீட்டரா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் என்பது சுமார் 10.76 சதுர அடி.

பரப்பால் வகுக்கப்படும் மொத்த ஆற்றலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் மட்டும் ஆற்றல் ஆகாது. சமையல் எரிவாயு, ஜெனரேட்டர் குடிக்கும் டீசல் எல்லாவற்றையும் யூனிட்டாக மாற்றிக் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஜெனரேட்டருக்குப் போன டீசலைக் கணக்கில் எடுத்தால், அது தந்த மின்சாரத்தை மறுபடி சேர்க்கக் கூடாது.

அப்புறம், இரவு பகலாக இயங்கும் மருத்துவமனையையும் கிடங்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும் அலுவலகம்கூடக் குறைந்த செறிவு காட்டும்.

இந்த எண்ணையே சில இடங்களில் ஆற்றல் செயல்திறன் குறியீடு என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. செயல்திறன் என்றால் கூடினால் நல்லது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இங்கே குறைந்தால்தான் நல்லது. ஆக, என் கைக்கு வருவது இப்படி: 'இந்தக் கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டுச் செறிவு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 150 யூனிட், வண்டி நிறுத்துமிடம் சேர்க்கப்படவில்லை.'