தாளிப்புக்குக் கத்தும் அலாரம் கேஸ் கசிவுக்கு ஏன் கத்துவதில்லை?

டொராண்டோவில் முன்பு நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் வற்றல் மிளகாய் தாளித்தால் போதும், கூடத்துக் கூரையில் இருக்கும் ஸ்மோக் அலாரம் வீட்டையே இரண்டாக்கிவிடும். ஜன்னலைத் திறந்து, துண்டால் விசிறி அடக்குவதற்குள் கை ஓய்ந்துபோகும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிப் பேட்டரியைக் கழற்றிவிட்டார். மூன்று மாதம் அப்படியே கிடந்தது. மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்தக் கருவிக்குத் தீயைத் தெரியாது. தன் உள்ளறைக்குள் வந்து சேரும் காற்றில் துகள்கள் இருக்கின்றனவா என்பது மட்டும்தான் தெரியும். அதன் பலம், பலவீனம் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

காலாவதியான ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். அது ஒளி வகை. மூடிக்கு அடியில் கொசுவலை போல சன்னமான வலை, அதற்குள் கன்னங்கரேலென்று ஒரு வட்டச் சிமிழ். சுற்றிலும் வளைந்த பிளாஸ்டிக் தடுப்புகள். காற்று வளைந்து நெளிந்து நுழைந்துவிடும், வெளிச்சம் நுழையாது. ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி. இன்னொரு பக்கம், அதன் நேர்ப்பார்வையில் படாதபடி, ஓர் ஒளியுணரி. புகைத்துகள் உள்ளே வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி உணரியின் மேல் விழும். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக இறங்கும் வெயிலில் தூசி மினுங்குமே, அதே சங்கதிதான். ஆனால் குளியலறை ஆவியும், உள்ளே புகுந்த சின்னச் சிலந்தியும்கூட ஒளியைச் சிதறடிக்கும். பொய்க் கூச்சலுக்கு அவையும் காரணம்.

இன்னொன்று அயனி வகை. இதைப் பிரிக்கவே கூடாது. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக உள்ளே இருக்கும். அது உமிழும் ஆல்ஃபா துகள்கள் இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள காற்றை அயனிகளாக்கி, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாக்கி, மெல்லிய மின்னோட்டத்தை ஓடவைக்கும். புகைத்துகள்கள் அயனிகளைப் பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் அலறும். திகுதிகுவென எரியும் தீ கிளப்பும் நுண்துகள்களுக்கு இது சீக்கிரம் விழித்துக்கொள்ளும். தாளிப்புக்கு அதிகம் கத்துவதும் இதுதான். எங்கள் வீட்டில் இருந்தது இந்த வகை. மெத்தைக்குள் விழுந்த கங்கு மணிக்கணக்கில் கனன்று புகைந்தால் ஒளி வகைதான் முந்தும். ஆக, இரண்டும் இருப்பது நல்லது.

ஊரில் அம்மா வீட்டுக்கு ஒன்று மாட்டினால் சிலிண்டர் கசிவையும் சொல்லிவிடுமா என்று தம்பி கேட்டான். சொல்லாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1930களில் வால்டர் யேகர் என்ற சுவிஸ் இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்து பார்த்தார். வாயுவுக்கு அது அசையவே இல்லை. சலித்துப்போய் சிகரெட் பற்றவைத்தார்; மீட்டர் முள் நகர்ந்தது. அன்று போலவே இன்றும் வாயு அதன் கண்ணில் படாது. கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம் வேண்டும். சமையல் கேஸுக்கும் தனி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் அந்த அலாரத்தைத் தரைக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும்.

புகை வந்து சேராத இடத்தில் மாட்டினாலும் பயனில்லை. சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று அசையாமல் நிற்கும். அங்கே புகை தாமதமாகத்தான் எட்டும். மூடிய கதவும் அப்படித்தான். அறைக்குள் பற்றிய தீயை வெளியே இருக்கும் அலாரம் அறிவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும். அந்த நிமிடங்களும் இப்போது குறைவு. தப்பிக்கக் கிடைக்கும் நேரம் 1970களின் சோதனைகளில் சுமார் 17 நிமிடம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் பின்னர் நடத்திய சோதனைகளில் சில சமயம் 3 நிமிடம்தான். இன்றைய சோபாக்களின் செயற்கை நுரை அவ்வளவு வேகமாக எரிகிறது.

எனக்குப் பெரிய கவலை குழந்தைகள்தான். வழக்கமான அலாரம் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலி எழுப்பும். ஆழ்ந்து தூங்கும் பிள்ளைகள் பலர் அதற்கு எழுவதில்லை. 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலிக்கு இன்னும் நன்றாக எழுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது கத்தினாலும் பெரியவர் ஒருவர் ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்றே திட்டமிட வேண்டும்.

இப்போதைய வீட்டில் சமையலறைக்குள் புகை அலாரம் இல்லை. அங்கே சுமார் 57 டிகிரி செல்சியஸில் கத்தும் வெப்ப அலாரம். கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, மகளின் அறைக்குள் ஒன்று. ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும். 10 வருஷத்தில் உணரிகள் மங்கிவிடும் என்பதால், பின்பக்கத்தில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியை மார்க்கரால் முன்பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை துடைப்பக் கட்டையால் பட்டனை அழுத்திப் பார்ப்பது மகளின் வேலை.