வெள்ளோட்ட ஆய்வு: 'பைலட் ஸ்டடி'க்குப் பொருத்தமான தமிழ்

'பைலட்' என்றதும் விமானி நினைவுக்கு வருவார். அது பின்னாளில் ஏறிய பொருள். பிரெஞ்சு, இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர், சுக்கான் துடுப்பைக் குறிக்கும் 'பேடோன்' என்ற கிரேக்கச் சொல். கண்ணகி கதையில் நாகமணிக்காகக் கடலேறிய கப்பலோட்டி மீகாமன்தான் உண்மையான பைலட்.

பேராய்வுக்கு முன் அதன் நடைமுறை சரிவருமா என்று பார்க்கும் சிறு ஆய்வுதான் 'பைலட் ஸ்டடி'. தமிழில் இதற்குப் பல பெயர்கள் ஓடுகின்றன. 'மாதிரி ஆய்வு' கூடவே கூடாது. புள்ளிவிபரவியலில் மாதிரி என்பது குடித்தொகையிலிருந்து எடுத்த கூறு. 'முன்னோடி ஆய்வு' பரவலாக உண்டு, ஆனால் ஒரு துறையில் முதன்முதலாகச் செய்த பெரிய ஆய்வு என்றும் அது பொருள்படும். 'சாத்தியவள ஆய்வு' இன்னும் அகன்றது. நேர்காணல் மட்டும் நடத்தினாலும் அந்தப் பெயர் பொருந்தும். எஞ்சுவது 'வெள்ளோட்டம்'. புதுத்தேர் செய்தால் சுவாமியை ஏற்றுமுன் வெறுந்தேரை இழுத்து அச்சும் சில்லும் முட்டுக்கட்டையும் சரியா என்று பார்ப்போமே, அதுவேதான்.

பெயர் சரியானால் கணக்கும் தெளியும். மருந்து பலிக்கிறதா என்பது வெள்ளோட்டத்தின் கேள்வியே அல்ல. அதில் பி பெறுமானம் (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) தேடுவதும், கிடைத்த பலனளவை (மருந்தால் விளைந்த வேறுபாட்டின் அளவை) வைத்துப் பேராய்வின் அளவைத் தீர்மானிப்பதும் பிழை. சிறு தொகையில் பலனளவு தாறுமாறாக ஆடும். பேராய்வின் அளவை, நோயாளிக்குப் பயன்தரும் ஆகக்குறைந்த வேறுபாட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

வன்னிக் கிளினிக் ஒன்றில் பிரஷர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களுக்கிடையே 5 அலகு வேறுபாட்டைக் காண வேண்டும், நியம விலகல் (ஆளுக்காள் அளவீடு சிதறும் அளவு) 15, வலு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 வீதம் என்றால் குழுவுக்கு 142 பேர், மொத்தம் 284. வெள்ளோட்டத்தில் 40 பேரில் 32 பேர் மறுவருகைக்கு வந்தார்கள். வருகை 80 வீதம் என்று கொண்டு, 284 பேர் எஞ்ச 355 பேரைச் சேர்க்கத் திட்டமிடுவார்கள். ஆனால் 40 பேரில் கண்ட 80 வீதத்தின் 95 வீத நம்பிக்கை ஆயிடை (உண்மை வீதம் இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 65 முதல் 90 வரை விரியும். நியம விலகலும் அப்படியே: 30 பேரிலிருந்து கணித்திருந்தால், உண்மையான விலகல் தாண்டாது என்று 80 வீதம் நம்பக்கூடிய மேலெல்லையை எடுக்க அதை 1.14 ஆல் பெருக்க வேண்டும். 15 என்பது 17 ஆகும். அப்போது குழுவுக்கு 182 பேர். அதோடு 65 வீதமே திரும்பி வந்தால் சேர்க்க வேண்டியது 560. 355 பேருக்கு மட்டும் பணமும் தாதியரும் ஒதுக்கியவர் நடுவழியில் நிற்பார்.

வெள்ளோட்டத்துக்குக் குழுவுக்கு 12 பேர் போதும் என்ற விதி ஒன்று உண்டு. பிரஷர் போன்ற தொடர் அளவீட்டின் நியம விலகலை மதிப்பிட அது போதலாம், வருகை வீதத்துக்குப் போதாது. நூற்றுக்கு 5 பேருக்கு வரும் ஒரு சிக்கல் (படிவக் கேள்வி விளங்காமை, மாத்திரை மாறிப்போதல்) ஒரு தடவையாவது கண்ணில்பட 95 வீத வாய்ப்பு வேண்டுமென்றால் 59 பேர் வேண்டும். 10 பேரில் அந்த வாய்ப்பு 40 வீதந்தான்.

தொடரலாமா என்ற எல்லைகளைத் தரவு சேர்க்குமுன்பே எழுதிவைக்க வேண்டும்: மறுவருகை 75 வீதத்துக்கு மேல் என்றால் பச்சை, 60 முதல் 75 வரை திருத்திக்கொண்டு தொடர மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு என்பதுபோல. பிறகு எழுதினால் வந்த இலக்கத்துக்கு எல்லை வளையும்.

காலமும் கணக்கில் சேர்த்தி. வயல் வேலை குறைந்த மாதத்தில் வெள்ளோட்டம் விட்டுவிட்டு, பேராய்வைக் காலபோக அறுவடையில் தொடங்கினால் அந்த மறுவருகை வீதம் உதவாது. அருவி வெட்டும் நாளில் கிளினிக் வரிசையில் யார் நிற்பார்?