ஐரோப்பியத் துணைவரோடு குடிபெயரும் சிங்கப்பூரருக்கு என்ன உரிமை?

கணவரோ மனைவியோ ஜெர்மானியர் என்பதால் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் உரிமை சிங்கப்பூரருக்கு வந்துவிடாது. அந்த ஜெர்மானியர் தம் நாட்டை விட்டு வேறோர் உறுப்பு நாட்டில் குடியேற வேண்டும். இருவரும் நெதர்லாந்துக்குப் போனால் குடிமக்களும் அவர்கள் குடும்பத்தாரும் வேறோர் உறுப்பு நாட்டில் வசிக்க உரிமை தரும் ஒன்றியத்தின் 2004/38 நெறியாணை பொருந்தும். நேரே ஜெர்மனிக்குப் போனால் அந்நாட்டின் சொந்தக் குடிநுழைவுச் சட்டம்தான். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாவிட்டால் யாரும் நாடு மாறி வேலைக்குப் போகத் தயங்குவார்கள். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளுக்கு அடிப்படை இதுவே. ஒன்றியத்தைச் சேராத துணைவர் ஏற்கெனவே வேறோர் உறுப்பு நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து விதித்திருந்தது. 2008இல் மெட்டோக் வழக்கில் அது செல்லாது என்றது நீதிமன்றம். எங்கே, எப்போது மணமுடித்தார்கள் என்பதும் பொருட்டல்ல. வேறோர் உறுப்பு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகனின் துணைவருக்கும் இந்த உரிமை உண்டு என்று 1992இல் சுரிந்தர் சிங் வழக்கு நிறுவியது. ஆனால் வார இறுதியிலும் விடுமுறையிலும் போய்வந்தது கணக்கில் வராது. மூன்று மாதத்துக்கு மேல் குடும்பமாக உண்மையிலேயே வாழ்ந்திருக்க வேண்டும் என 2014இல் வரம்பு வைத்தார்கள். ஆசியானில் இப்படி ஓர் உரிமையும் இல்லை, அதைக் கேட்டு வாங்கித் தர நீதிமன்றமும் இல்லை.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். அதற்குள் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடப்பிதழ், திருமணச் சான்றிதழ், துணைவர் அந்நாட்டில் பெற்ற வசிப்புப் பதிவுச் சான்று ஆகியவையே முக்கியம். சான்றிதழுக்கு சிங்கப்பூர் சட்ட அகாடமியின் அப்போஸ்டில் முத்திரையை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்வது) இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கே போனபின் அலைச்சல். விண்ணப்பித்ததும் ரசீது தர வேண்டும், அட்டையை 6 மாதத்துக்குள் தர வேண்டும். வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. துணைவர் வேலையில் இல்லை, படிக்கவும் இல்லை என்றால் போதிய வருமானமும் முழு மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். அந்த வருமானம் உங்களுடையதாகவும் இருக்கலாம். 5 ஆண்டு தொடர்ந்து வசித்தால் நிரந்தர வசிப்புரிமை. பொதுவாக ஆண்டுக்கு மொத்தம் 6 மாதத்துக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

மணமுறிவில்தான் பெரிய ஆபத்து. திருமணம் 3 ஆண்டு நீடித்து, அதில் ஓராண்டாவது அந்நாட்டில் கழிந்திருந்தால் மணமுறிவுக்குப் பிறகும் உரிமை நிலைக்கும். ஆனால் மணமுறிவு மனு தாக்கலாகும்போது துணைவர் அந்நாட்டில் இருந்தாக வேண்டும். முன்பே அவர் வெளியேறிவிட்டால் உரிமை போய்விடும் என்று 2015இல் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.