கொயர்: சரியான தமிழ் எது?

"யூனிவர்சிட்டி கொயர் கான்சர்ட், ஓப்பன் டு கம்யூனிட்டி" என்ற அறிவிப்பைத் தமிழில் போடச் சொன்னால், பெரும்பாலும் 'சமூகத்திற்குத் திறந்த பல்கலைக்கழகப் பாடகர் கச்சேரி' என்று ஏதாவது வந்து விழும். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

கொயரில் தொடங்கலாம், அதாவது பலர் சேர்ந்து பாடும் குழு. ஆங்கிலத்தில் இதை உச்சரிப்பது குவயர் என்று. நாம் எழுத்தைப் பார்த்துக் கொயர் ஆக்கிக்கொண்டோம். (தேங்காய் நார்க் கொயர் வேறு. அது மலையாளத்துக் கயர், நம் கயிற்றின் உறவு.) ஆனால் குழப்பத்தை ஆரம்பித்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல்லை முதலில் ஒலிக்குத் தக்கபடி எழுதிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் மூலமான கோரஸ் எழுத்திலும் தெரியட்டும் என்று ஸ்பெல்லிங்கை மாற்றினார்கள், ஆனால் நாக்கு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

லத்தீனுக்கு முன்னால் கிரேக்கத்தில் இது கொரோஸ். அங்கே பாட்டோடு ஆட்டமும் உண்டு. கோரியோகிராஃபி என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஏதென்ஸ் விழாக்களில் 50 பேர் சேர்ந்து ஆடிப் பாடியிருக்கிறார்கள். தேவாலயத்துக்குள் வந்ததும் ஆட்டம் கழன்றுகொண்டது, பாடுவோர் மட்டும் மிஞ்சினர், அவர்கள் அமரும் பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் சினிமாப் பாட்டில் பின்னால் வரும் 'கோரஸ்' இதன் உடன்பிறப்பு.

கிரேக்கக் கொரோஸுக்கு நம்மிடம் நெருங்கி வருவது குரவை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்கு வைக்கிறாள். அவர்கள் கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக 'குரவைதான் கோரஸ் ஆனது' என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது.

சரி, இன்றைய கொயருக்கு என்ன சொல்வது? கோஷ்டி கானம் சரிப்படாது. திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடும்போது அத்தனை பேரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட 48 பேரையும், உடன் உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது, கூட்டம் பெரியதுதான், ஆனாலும் அது இந்த வகை இல்லை. கொயரில் பொதுவாக உச்சக் குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரவரிசையில் போய் ஒன்றோடொன்று இசையும். இதற்குச் 'சேர்ந்திசை' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. 1970களில் மெட்ராஸ் யூத் கொயரை வளர்த்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் இந்திய மொழிப் பாடல்களை இப்படிப் பாட வைத்தவர். ஆகவே இசைக்குச் சேர்ந்திசை, பாடுவோருக்குச் சேர்ந்திசைக் குழு. தேவாலயத்தில் பாடகர் குழு என்பதே பழகிய சொல், அங்கே போய் அதை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து அந்த 'கம்யூனிட்டி'. அமெரிக்கப் பல்கலைக்கழக அறிவிப்புகளில் இது வந்தால், வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஊரார் என்று பொருள். சாதிச் சங்கமும் இல்லை, சமுதாயமும் இல்லை. மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரம் இதற்கு நல்ல உதாரணம்: 1879இல் பல்கலைக்கழகத்தாரும் ஊர்க்காரர்களும் ஹேண்டல் கொயருக்காக எழுதிய 'மெசையா' என்ற இசைப் படைப்பைப் பாடிப் பழகக் கூடினார்கள், அதிலிருந்து கோரல் யூனியன் என்ற பாடும் குழு பிறந்தது, 1880இல் யூனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி உருவானது. அங்கே ஊரார் கேட்க மட்டும் வரவில்லை, மேடையிலேயே நின்றார்கள். இங்கே கவனம் தேவை. 'ஓப்பன்' என்பது கேட்க வரலாம் என்றா, பாடச் சேரலாம் என்றா? கச்சேரிக்கு என்றால் பெரும்பாலும் முதலாவதுதான். இலவசம் என்றும் அர்த்தம் இல்லை, டிக்கெட் இருக்கலாம்.

என் பரிந்துரை: 'பல்கலைக்கழகச் சேர்ந்திசை நிகழ்ச்சி, ஊரார் அனைவரும் வரலாம்.' கச்சேரி என்று போட்டாலும் குற்றமில்லை, ஆனால் மிருதங்கம் வயலினோடு ஒருவர் உட்கார்ந்து பாடுவது நினைவுக்கு வரும்.

பாடுவோர் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் கண்டக்டரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நடத்துநர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் ஞாபகம் வருகிறது. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதங்கள் என்னும் துதிப்பாடல்களின் தலைப்புகளில் 'இராகத்தலைவன்' என்று வரும், பிந்தைய திருவிவிலியத்தில் 'பாடகர் தலைவர்'. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஆனால் நோட்டீஸில் போட இரண்டாவதே தோது.